அடிமானம்

நாங்குநேரி சுங்கச்சாவடி, மூன்றாம் கவுண்டர்.
இரவு இரண்டே கால்.
களக்காட்டு வாழைத்தார் லாரிக்குப் பின்
பதினோரு நிமிடமாக யாரும் இல்லை.
ரசீதுச் சுருளின் தொங்கும் வாலில்,
முதுகுப் பக்கம், கணக்குப் போடுகிறேன்:
ஆறரைப் பவுன். ஒரு லட்சத்து எண்பது.
மாதம் நூற்றுக்கு இரண்டு. வட்டிக்கு வட்டி.
இரட்டித்தால் நகை முழுகும்.
அது சீட்டிலேயே அச்சடித்திருக்கிறது.

எத்தனை மாதத்தில்?
இரண்டின் மடக்கையை
ஒன்று புள்ளி பூஜ்யம் இரண்டின் மடக்கையால்
வகுக்கணும்.
இருபத்துமூன்று வருடம் கழித்தும்
கை அதுவாக எழுதிவிட்டது,
நான் வேறு எங்கோ பார்த்திருக்க.

செல்போனில் பொத்தான் இரண்டு.
லாக் ஒன்று, எல்என் ஒன்று.
மேலே ஒன்று தட்டிக் கீழே மற்றது தட்டினேன் போல.
பதினைந்து என்றது.
அடகு வைத்துப் பதினாலு முடிந்துவிட்டது.

ஏர்வாடிப் பள்ளிக்கூடத்தில்
இரண்டாம் பீரியடு செல்வின் சார்:
லாக் என்றால் அடிமானம் ஈ.
மணியடித்ததும் ஆவுடைத்தங்கம் டீச்சர்:
லாக் என்றால் அடிமானம் பத்து,
"ரெண்டு புள்ளி மூணு பூஜ்யம் மூணால பெருக்குங்கட்டி."
ஏன் என்று சொன்னதில்லை.
அதே கரும்பலகை. அழித்தும் அழியாத அதே சுண்ணாம்பு.
ஆசிரியர் அறையில் இருவருக்கும்
பக்கத்துப் பக்கத்து நாற்காலி வேறு.

"எந்த ஈ சார், டீயில விழுமே, அதா?"
கேட்ட பேராச்சி முட்டி போட்டாள்.
எனக்கோ அடிமானமே
அடமானம் என்றுதான் காதில் விழுந்தது.
அடிமானம் பத்து என்றால் நூற்றுக்கு இரண்டு.
புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாம் கவுண்டர் மீரான் பி.இ. முடித்தவன்.
கண்ணாடியைத் தட்டிக் கேட்டேன்.
"காலேஜ்ல லாக்னு எழுதுனா ஈ, கால்குலேட்டர்ல பத்து,
கம்ப்யூட்டர்ல அடிச்சா திரும்பவும் ஈக்கா.
எதுக்கு இந்நேரத்துல?"
"சும்மாதாம்ல."

மேலும் கீழும் ஒரே பொத்தான்.
லாக்: முப்பத்தைந்து.
எல்என்: முப்பத்தைந்து.
அட மூதி,
ஒரே அடிமானத்தில் நின்றால் போதும்,
எந்த அடிமானம் என்பதே வெட்டுப்பட்டுப் போகிறது.
இன்னும் இருபத்தோரு மாதம்.
தண்ணீர் குடித்தேன். பாட்டில் மூடியைத் தேடினேன்,
கையில்தான் இருந்தது.

பிறகு தூக்கம் வரவில்லை, நுண்கணிதம் வந்தது,
ஒழுங்கில்லாமல்.
வகையிட்டாலும் மாறாத ஒன்று உண்டு,
எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு வளரும்.
கடன் அந்த ஜாதி.
என் சம்பளம் மடக்கை:
பதினோரு வருடமாக ஏறத்தான் செய்கிறது,
ஏறுகிற ஏற்றம் தணிந்து தணிந்து.
இரண்டுக்கும் நடுவே சார் ஒரு சாய்கோடு போட்டு
"இது கண்ணாடி" என்றார்.
என் கவுண்டர் கண்ணாடியில்
சில்லறை வாங்கும் ஓட்டை, மேலே விரல் அழுக்கு.

எக்ஸில் ஒன்றைத் தொகையிட்டால் லாக் எக்ஸ்,
கூட்டல் சி.
சி எதற்கென்று மறந்துபோச்சு.
போடாவிட்டால் அரை மார்க் போகும்,
அது மறக்கவில்லை.

ஹாரன்.
சின்னமுட்டத்து மீன்வண்டி, ஐஸ் தண்ணீர் ஒழுக.
டேக்கில் பணம் இல்லை.
"இரட்டிப்புக் கட்டணம்ணே."
"ஒரு நிமிசத்துலயா? இது என்ன கணக்கு தாயி?"
எனக்கும் தெரியாது.
ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன்.
சட்டைப் பையில் மடக்கி வைத்துக்கொண்டு போனார்.
தடுப்புக்கட்டை இறங்கின பிறகுதான் உறைத்தது,
என் முப்பத்தைந்து
அதன் முதுகில்
மதுரைக்குப் போகிறது.